மையும் எண்ணெயும்: வாசகர் கேள்வி–பதில்

சீனாவிலிருந்து பாரிஸ், நியூயார்க், கலிஃபோர்னியா, சிங்கப்பூர் என்று குடியேறி, தாய்நாட்டு மரபையும் மேலை மரபையும் சேர்த்து வரைந்த ஓவியர்களைப் பற்றி எழுதியதும் சென்னையிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. வரலாறு கேட்டவர்களைவிடத் தாளும் தூரிகையும் கையில் வைத்துக்கொண்டு சந்தேகம் கேட்டவர்களே அதிகம். அந்தக் கேள்விகளுக்குத்தான் இந்த முறை முக்கிய இடம்.

எண்ணெய் வண்ணத்தில் டிராகன், மூங்கில், மூடுபனி மலை என்று ஆறு படங்கள் வரைந்திருக்கிறேன். இதைக் கிழக்கு–மேற்கு கலப்பு என்று சொல்லிக் கண்காட்சிக்கு அனுப்பலாமா?
வாசகி, அண்ணா நகர்

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். டிராகனையும் மூங்கிலையும் கையால் மறைத்துவிட்டு மிச்சப் படத்தைப் பாருங்கள். கோடு ஓடும் விதத்திலோ, வெற்றிடம் விட்டிருக்கும் இடத்திலோ, வண்ணம் துணியில் உட்கார்ந்திருக்கும் முறையிலோ சீன மரபின் சாயல் ஏதாவது தெரிகிறதா? தெரியவில்லை என்றால் கலப்பு இன்னும் தொடங்கவே இல்லை. பொருள் மட்டும்தான் சீனம். வரைந்த கை முழுக்க ஐரோப்பியக் கை.

சாவ் வூ-கியின் பாதையைப் பார்த்தால் இது விளங்கும். 1920இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். ஹாங்சோ கலைப்பள்ளியில் லின் ஃபெங்மியானிடம் பயின்றார். அந்த ஆசிரியரே பிரான்சில் படித்துத் திரும்பியவர். 1948இல் பாரிஸ் போன சாவ் பல ஆண்டுகள் மையை ஒதுக்கியே வைத்திருந்தார். ‘சீனச் சரக்கு’ என்ற முத்திரை விழுந்துவிடும் என்ற கவலை அவருக்கு. 1951இல் சுவிட்சர்லாந்தில் நவீன ஓவியர் பால் கிளேயின் படங்களைப் பார்க்கிறார். சின்னச் சின்னக் குறிகளை வைத்தே ஒரு வெளியை உண்டாக்கிவிடலாம் என்பது அங்கே பிடிபடுகிறது. அந்த வழியாக, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஷாங் அரச காலத்தில் ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் கீறிய பழைய எழுத்துகளிடம் போய்ச் சேருகிறார். 1954இல் வரைந்த ‘காற்று’ என்ற எண்ணெய் ஓவியத்தில் எழுத்துபோலத் தோன்றும் குறிகள் மேலிருந்து கீழாகத் தொங்குகின்றன. ஒன்றையும் வாசிக்க முடியாது. மலை இல்லை, மூங்கில் இல்லை, ஆனால் சீனம் இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில், மனைவி நோயுற்றிருந்த காலத்தில், கவிஞர் ஆன்றி மிஷோ தூண்ட, மீண்டும் மையைக் கையில் எடுத்தார். அதற்குப் பின் வந்த எண்ணெய்ப் படங்களில் பூச்சு நீர்போல மெலிந்தது. நடுவில் பெரிய பெரிய வெற்றிடங்கள் திறந்தன. தாளில் மை கற்றுக்கொடுத்ததைத் துணியில் எண்ணெய் செய்தது. எங்களைக் கேட்டால் அவர் வேலையில் சிறந்த பகுதி இதுதான்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்து, ஜாதகக் கட்டம், கணக்குக் குறி எல்லாம் படத்தின் உடம்பாகவே ஆகியிருக்கும். அவர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். மெட்ராஸ் இயக்கத்து ஓவியர்களின் படங்களை அங்கே நிதானமாகப் பார்க்கலாம். ஆறு படங்களையும் அதற்குப் பிறகு மறுபடி எடுத்துப் பாருங்கள்.

‘ரைஸ் பேப்பர்’ வாங்கி இந்தியன் இங்க்கில் வரைந்தேன். கோட்டின் ஓரமெல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி மயிர்விட்டு ஊறுகிறது. மெல்லிய சாம்பல் நிறம் திட்டுத்திட்டாகப் படிகிறது. தூரிகை குச்சிபோல இறுகிவிட்டது. எங்கே தவறு?
மாணவர், எழும்பூர்

நான்கு இடங்களில். ஒவ்வொன்றாக வருவோம்.

முதலில் தாள். ‘ரைஸ் பேப்பர்’ என்று விற்பதில் அரிசி கிடையாது. சீன ஓவியர்கள் பயன்படுத்தும் சுவான் தாள் ஆன்ஹுய் மாகாணத்து ஜிங் வட்டாரத்தில், ஒரு மரத்தின் பட்டையும் நெல் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. இதில் பச்சைத் தாள், பதப்படுத்திய தாள் என்று இரண்டு வகை. பச்சைத் தாள் மையை உடனே உறிஞ்சிப் பரப்பும். பதப்படுத்தியதில் பசையும் படிகாரமும் பூசியிருப்பதால் மை மேலேயே நிற்கும், கோடு கூர்மையாக விழும். உங்களிடம் இருப்பது பச்சைத் தாள். அது ஊறுவது குற்றமல்ல, அதன் குணமே அதுதான். தூரிகையில் நீர் அதிகமாக இருந்ததுதான் பிழை. ஒரு மூலையில் சொட்டு நீர் வைத்துப் பாருங்கள்: வட்டம் உடனே விரிந்தால் பச்சை, மணிபோல நின்றால் பதப்படுத்தியது. நுணுக்கமான கோடு வேண்டுமென்றால் நீங்களே பதப்படுத்தலாம். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 கிராம் ஜெலட்டினைக் கரைத்து, 1 கிராம் படிகாரத் தூளைச் சேர்த்து, அகலத் தூரிகையால் ஒரே வாக்கில் ஒரு பூச்சு கொடுத்து, கொடியில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். படிகாரம் கூடினால் தாள் நாளடைவில் மஞ்சளித்து நொறுங்கும்.

இரண்டாவது மை. புட்டியில் வரும் இந்தியன் இங்க் பலவற்றில் அரக்கு கலந்திருக்கும். தூரிகையை இறுக்கியது அந்த அரக்குதான். மயிர் நுனியை மட்டும் ஸ்பிரிட்டில் நனைத்து, விரலால் பிதுக்கி, சோப்பு போட்டுக் கழுவிப் பாருங்கள். அடிவரை முக்கினால் மயிரைப் பிடித்திருக்கும் பசையும் இளகிவிடும். ஆட்டு மயிர்த் தூரிகை என்றால் முழுதும் மீளாது. பேனா மையும் சரிவராது. அது சாயம், பின்தாள் ஒட்டும்போது ஓடிவிடும். வேண்டியது கரியையும் விலங்குப் பசையையும் சேர்த்துச் செய்த மைக்கட்டி. கல்லில் ஒரு தேக்கரண்டி நீர் விட்டு, கட்டியை நேராகப் பிடித்து, அழுத்தாமல் வட்டமாகப் பத்துப் பதினைந்து நிமிடம் இழையுங்கள். சந்தனம் அரைக்கும் பொறுமை வேண்டும். கட்டி போன தடம் உடனே மூடாமல் ஒரு கணம் நின்றால் மை தயார். அவசரப்பட்டு அழுத்தினால் கரித்துகள் பெரிதாக உதிரும். வேலை முடிந்ததும் கட்டியைத் துடைத்து நிழலில் வையுங்கள். ஈரத்தோடு விட்டால் வெடித்துவிடும்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: தண்ணீர். சென்னையில் பல வீடுகளின் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். மையில் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்க வேண்டும். உப்பு சேர்ந்தால் அவை திரண்டு அடியில் படியும். உங்கள் சாம்பல் நிறம் திட்டுத்திட்டாக விழுந்ததற்கு இது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு கிண்ணங்களில் ஒரே மையை, ஒன்றில் போர்த் தண்ணீரும் மற்றதில் கேன் தண்ணீரும் விட்டு நீர்த்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இழைத்த மையை மறுநாளைக்கு வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் பசை அழுகி நாற்றமெடுக்கும், பிடிமானமும் போய்விடும்.

நான்காவது கை. தூரிகையைச் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்துவிட்டு, பாதி மயிர்வரை நடுத்தர மையும் நுனியில் மட்டும் அடர்மையும் ஏற்றுங்கள். பழைய துணியில் ஒருமுறை ஒற்றி எடுங்கள். தாளுக்கு அடியில் செய்தித்தாள் வேண்டாம். ஊறிய மை அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மடித்த கம்பளி போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு வரையுங்கள்.

காய்ந்த மை ஓவியம் அலை அலையாகச் சுருங்கிவிட்டது. பின்னால் ஃபெவிக்கால் தடவி அட்டையில் ஒட்டலாமா?
வாசகர், கொளத்தூர்

வேண்டாம். அந்தப் பசை இறுகினால் பிறகு பிரிக்கவே முடியாது, ஒரு சுருக்கம் விழுந்தாலும் நிரந்தரம். சுவான் தாள் சுருங்குவது இயல்பு. பின்தாள் ஒட்டினால் பலகைபோல நேராகும். சீன மரபில் இதற்குக் கோதுமை மாப்பசைதான்.

200 கிராம் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பாத்திரத்து நீருக்குள் வைத்துப் பிசையப் பிசைய மாவிலுள்ள பால் பிரியும். கையில் ரப்பர்போல ஒரு உருண்டை மிஞ்சும். அதை எறிந்துவிடுங்கள். பூச்சியையும் பூஞ்சணத்தையும் கூப்பிடுவது அதுதான். பாலை இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்து, மேல்நீரை வடித்து, அடியில் படிந்த மாவு ஒரு பங்குக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்து, சிறுதீயில் இருபது நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். வெண்மை போய்க் கண்ணாடிபோல ஆகும். ஆறியதும் துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்கு நீர்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஓரத்தில் ஈரப் பஞ்சால் ஒற்றி, மை கசிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கசியாவிட்டால் படத்தை முகம் கீழாகக் கண்ணாடி மேசையில் விரித்து, நீர் தெளித்து, நடுவிலிருந்து வெளியே தூரிகையால் நீவுங்கள். பசையையும் அதே திசையில் தடவுங்கள். நாற்புறமும் 4 சென்டிமீட்டர் பெரிதான பின்தாளைச் சுருட்டி, ஒரு முனையிலிருந்து மெல்ல விரித்துக்கொண்டே உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். பின்தாளின் ஓரத்தில் மட்டும் பசை தடவி, வழவழப்பான பலகையில் நட்டமாக ஒட்டுங்கள். ஒரு ஓரத்தில் விரல் அகலம் பசையில்லாமல் விட்டு, அந்த வழியே ஊதி உள்ளே கொஞ்சம் காற்றை நிரப்புங்கள். படம் பலகையில் அப்பிக்கொள்ளாது. பிறகு அந்த இடைவெளிதான் கத்தி நுழைய வழி. காற்று நேரடியாகப் படாத இடத்தில் மூன்று நாள் காயட்டும். மழைக்காலத்தில் ஐந்து நாள். விசிறிக்கு நேரே வைத்தால் ஓரம் முந்திக் காய்ந்து இழுத்து, நடுவில் கிழியும்.

புத்தகம் கட்டுபவர்கள்போல மயில்துத்தம் கலக்கச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள். தாளில் நீலச்சாயல் ஏறும், செம்பு தாளையும் காலப்போக்கில் அரிக்கும்.

மலைப்பாறையின் சொரசொரப்பைத் தூரிகையில் கொண்டுவர முடியவில்லை. குறுக்குவழி உண்டா?
வாசகர், பெரம்பூர்

குறுக்குவழி என்பதைவிட, ஒரு பெரிய ஓவியர் நடந்த வழி உண்டு. வாங் ஜிச்சியான் 1907இல் பிறந்தவர். சீனப் பழம் ஓவியங்களை நன்கறிந்தவர். 1949இல் நியூயார்க்கில் குடியேறி, 2003இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். கசக்கிய தாளில் மை தடவி, அதை ஓவியத் தாளில் ஒற்றிப் பாறையின் தோலை உண்டாக்கினார். தற்செயலை வரவேற்கும் அன்றைய அமெரிக்க ஓவியமும் சீனாவின் சாங் அரச காலத்து (10–13ஆம் நூற்றாண்டு) மலைக்காட்சியும் அந்த ஒற்றலில் சந்திக்கின்றன.

கெட்டியான தாளைக் கசக்கிப் பாதி விரித்து, மேடுகளில் மட்டும் நடுத்தர மை தடவி, பச்சைச் சுவான் தாளில் ஒருமுறை ஒற்றி எடுங்கள். திரும்பத் திரும்ப ஒற்றினால் கறைதான் மிஞ்சும். காய்ந்தபின் சுவரில் மாட்டி, தள்ளி நின்று, மலை எங்கே, அருவி எங்கே என்று தேடுங்கள். கிடைத்த இடத்தில் மட்டும் மெல்லிய சாம்பல் பூச்சும், அடிவாரத்தில் நான்கைந்து மரங்களும். ஒற்றல் பாதி, தூரிகை பாதி என்று இருக்கும்வரை அது ஓவியம்.

ஹங் லியுவின் படங்களில் முகத்தின் மேல் எண்ணெய் வழிந்து இறங்குகிறதே, அதைச் செய்யப் பார்த்தேன். மூன்று வாரமாகியும் பிசுபிசுவென்று இருக்கிறது. கீழே இருந்த முகமும் கரைந்துவிட்டது.
வாசகி, திருவான்மியூர்

ஹங் லியு 1948இல் சாங்சுனில் பிறந்தார். பெய்ஜிங்கில் சுவரோவியம் பயின்று, 1984இல் கலிஃபோர்னியா சென்றார். 2021இல் காலமானார். சீன அரசு கற்றுக்கொடுத்த கச்சிதமான யதார்த்த பாணியில் பழைய சீனப் புகைப்பட முகங்களைத் தீட்டிவிட்டு, அதன்மேல் ஆளி எண்ணெயை வழியவிடுவார். புகைப்படத்தின் உறுதி அந்த வழிதலில் தளர்கிறது. ஆகவே வழிதல் அழகுக்காக மட்டும் அல்ல. எந்த முகத்தில், எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்குப் பொருள் உண்டு.

உங்கள் படத்தில் நடந்தவை இரண்டு. கீழ்ப்பூச்சு காயும் முன்பே டர்பன்டைன் மேலே இறங்கி அதைக் கரைத்துவிட்டது. மெல்லிய பூச்சுக்கே குறைந்தது இரண்டு வாரம் கொடுங்கள். நகத்தால் தொட்டால் தடம் விழக்கூடாது. பொறுமையில்லை என்றால் கீழ்ப்படத்தை அக்ரிலிக்கில் வரையுங்கள், எண்ணெய் அதன்மேல் நன்றாகப் பிடிக்கும். எண்ணெய்மேல் அக்ரிலிக் மட்டும் போகக்கூடாது, உரிந்து வந்துவிடும். அடுத்தது, ஆளி எண்ணெய் கூடிவிட்டது. எண்ணெய் ஒரு பங்குக்கு டர்பன்டைன் இரண்டு பங்கு, வண்ணம் கடுகளவு என்று தொடங்குங்கள். எண்ணெய் அதிகமானால் மேலே தோல் கட்டி, உள்ளே ஈரமாகவே இருந்து, சுருக்கம் விழும். டர்பன்டைன் அதிகமானால் காய்ந்தபின் வண்ணம் பொடிபோல விரலில் வரும். படத்தைச் சற்றே சாய்த்து வைத்து, மேல்விளிம்பில் நனைந்த தூரிகையை அழுத்துங்கள். கீழ்விளிம்பில் தேங்கும் சொட்டைத் துணியால் அவ்வப்போது ஒற்றி எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆளி எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். உலரும்போது அந்த எண்ணெய் தானே சூடேறும். குவியலாக இருந்தால் நெருப்பே பற்றும். கத்திரி வெயில் நாட்களில் ஆபத்து இன்னும் கூடுதல். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது வாளி நீரில் போட்டுவிடுங்கள்.

அனிமேஷன் பின்னணி வரைகிறேன். காட்டுக்காட்சியில் எவ்வளவு இலை வரைந்தாலும் ஆழம் வரவில்லை.
மாணவி, வடபழனி

இலையைக் குறையுங்கள். டிஸ்னியின் ‘பாம்பி’ அனிமேஷன் படத்தின் (1942) காடு எப்படி வந்தது என்று பாருங்கள். தென்சீனக் குவாங்டாங்கிலிருந்து சிறுவயதில் தந்தையோடு அமெரிக்கா வந்த டைரஸ் வோங் அந்தப் படத்துக்காகச் சிறுசிறு மாதிரி ஓவியங்கள் தீட்டினார். சாங் காலத்து மலை ஓவியங்களே அவருக்கு வழிகாட்டி. மான் நிற்கும் இடத்தில் மட்டும் விவரம். அதைச் சுற்றிக் காடு மங்கி மூடுபனியில் கரையும். சீனர் குடியேற்றத் தடைச் சட்டம் 1882 முதல் 1943 வரை இருந்த நாடு அது. குடியேற வந்தவர்களை விசாரித்த ஏஞ்சல் தீவு முகாமில் சிறுவனாக அடைத்துவைக்கப்பட்டவர் அவர். படத்தின் தோற்றத்தையே தீர்மானித்த அவருடைய பெயர், பெயர்ப் பட்டியலில் பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டுமே வந்தது. 2016இல், 106 வயதில் மறைந்தார்.

செய்முறை: கெட்டியான 300 ஜிஎஸ்எம் தாளின் இருபுறமும் நீர் பூசி, பளபளப்பு அடங்கும் நேரத்தில் தொலைமரங்களை ஒரே சாம்பல் பச்சையில் வையுங்கள். முழுதும் காய்ந்தபின் நடுமரங்களை ஒரு படி அடர்த்தியாக. முன்னால் ஒரே ஒரு கிளையை மட்டும் கூர்மையாக. கணினியில் வரைந்தாலும் இதே மூன்று அடுக்குப் போதும்.

சிங்கப்பூர் 50 டாலர் நோட்டின் பின்பக்கம் இருக்கும் குரங்குப் படம் யாருடையது?
வாசகர், மண்ணடி

சென் வென் சி வரைந்த கிப்பன் குரங்குகள். அதே பக்கத்தில் கருவாடு காயவைக்கும் பெண்களின் படமும் உண்டு. அது சியோங் சூ பியெங் வரைந்தது. இருவரும் சீனாவில் பிறந்து, 1940களில் சிங்கப்பூரில் குடியேறியவர்கள். 1952இல் லியு காங், சென் சோங் சுவீ என்ற ஓவியர்கள் இருவரோடும் பாலித் தீவுக்குப் போய்வந்தார்கள். சீன மரபும் மேலை மரபும் தென்கிழக்காசியக் காட்சிகளும் கலந்த நன்யாங் பாணி அங்கிருந்துதான் உருத்திரண்டது என்பார்கள். சென் வென் சியின் குரங்கைக் கவனியுங்கள்: உடம்பு மையின் ஒரே வீச்சு, கைகால்கள் கோணங்களாக உடைவது உருவங்களைக் கோணங்களாகப் பிரித்து வரைந்த ஐரோப்பிய கியூபிசத்தின் பாடம். சியோங்கின் பெண்களுக்குக் கைகால் நீண்டு மெலிந்திருக்கும். அது பாலித் தீவுப் பொம்மைகளின் சாயல். கையில் நோட்டு இருந்தால் இன்னொன்றும் பாருங்கள், பக்கத்தில் நம் வீணையும் இருக்கிறது.

ஆங்கிலச் சொற்களைச் சீன எழுத்துபோலச் சதுரமாக எழுதுகிறாராமே சூ பிங். தமிழில் முடியுமா? மாணவர்களுக்குப் பயிற்சியாகத் தர ஆசை.
தமிழாசிரியை, தாம்பரம்

முடியும், சொல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். சூ பிங் 1990இல் அமெரிக்கா சென்ற சீனக் கலைஞர். அதற்கு முன்பே, யாராலும் வாசிக்க முடியாத ஏறக்குறைய நாலாயிரம் பொய்யெழுத்துகளை மரத்தில் செதுக்கி, அச்சடித்து, பெரும் பரபரப்பை உண்டாக்கியவர். 1994இல் ‘சதுரச் சொல்’ எழுத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் தூரிகைக் கோடாக மாற்றி, ஒரு சொல்லை ஒரு சதுரத்துக்குள் அடுக்குவார். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள் என்பதே வாசிக்கும் ஒழுங்கு. பார்த்தால் சீனம், வாசித்தால் ஆங்கிலம்.

தமிழில் ‘படம்’ என்ற சொல்லில் தொடங்குங்கள். ‘ப’ ஒரு தொட்டிபோல மேலே திறந்திருக்கிறது. அதைச் சதுரத்தின் அளவுக்குப் பெரிதாக எழுதி, உள்ளே இடப்புறம் ‘ட’, வலப்புறம் ‘ம்’. வெளியிலிருந்து உள்ளே வாசித்தால் சொல் சரியாக வரும். ‘கடல்’ என்றால் மேலே ‘க’, கீழே ‘ட’, ‘ல்’ பக்கம் பக்கமாக. ‘ட’ அகன்ற எழுத்தாயிற்றே என்று அதற்குள் ‘க’வை உட்காரவைத்தால் ‘டகல்’ ஆகிவிடும். ‘கொடி’போன்ற சொற்களில் கொம்பு, க, கால் மூன்றையும் பிரிக்காமல் ஒரே கட்டையாக வையுங்கள். கொம்பு தனியே ஒதுங்கினால் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வாசிப்பவரைத் தடுமாறவைக்கும்.

சிக்கல் நம் வளைவுகளில்தான். ஓலையில் எழுத்தாணிக்கு வளைவு வசதி. தூரிகைக்குத் திருப்பம் வேண்டும். ‘ப’வை எழுதும்போது இடக்கோட்டின் அடியில் நின்று, தூரிகையை லேசாக அழுத்தி, நுனியைத் திருப்பி, பிறகு வலப்பக்கம் நகருங்கள். நிற்காமல் வளைத்தால் மூலை கொழகொழவென்று ஆகும். புள்ளியை வட்டமாகக் குத்தாமல், சாய்வாக வைத்து அழுத்தி, மேலே எடுங்கள். கத்திரி விதைபோல விழும். 10 சென்டிமீட்டர் சதுரத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரித்த தாள் மாணவர்களுக்கு வசதி. மூன்று எழுத்துச் சொற்கள் கைவந்த பிறகு நான்குக்குப் போகலாம். ஐந்தாவது எழுத்து வந்ததும் சதுரம் நெரிசலாகி வாசிக்க முடியாமல் போகும்.